ரிலே மீது தவறில்லை

இடி இடித்தால் எங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் விழும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா இருட்டில் இருந்தபடியே, "டேய், போய் தூக்கி வுடு" என்பார். நாற்காலி போட்டு ஏறி, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கருப்பு விசையை மேலே தள்ளுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. பிறகு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மின்பொறியியல் படித்தேன். இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய அதுதான். என்ன, விழுந்த சுவிட்சைத் தூக்கி விடுவதற்கு முன்னால் அது ஏன் விழுந்தது என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சுவிட்சை விழ வைக்கும் கருவிக்குப் பெயர் ரிலே. பழைய பிரெஞ்சுச் சொல். நெடுந்தூரப் பயணத்தில் களைத்துப்போன குதிரைக்குப் பதிலாக வழியில் தயாராக நிறுத்தி வைக்கப்படும் புதுக் குதிரையைக் குறித்தது. தந்தி வந்த காலத்தில், தூரம் போகப் போகச் சோர்ந்துவிடும் மின்குறியை வாங்கிப் புதுப் பலத்தோடு அடுத்த கம்பிக்கு அனுப்பும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் குச்சி மாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டமும் அதே சொல்லின் பிள்ளைதான். பின்னர் மின்சாரத் துறை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு காவல் வேலையில் போட்டது.

ரிலேவுக்கு முன்னால் ஃபியூஸ் இருந்தது. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் ஃபியூஸ் கம்பி உருகி அறுந்துவிடும், தன்னைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றும். ரிலே அப்படித் தியாகம் எதுவும் செய்யாது. அது மின்தடத்தில் ஓடும் மின்சாரத்தையும் மின்னழுத்தத்தையும் வேவு பார்த்துக்கொண்டே இருக்கும். தப்பு நடக்கிறது என்று தோன்றினால் பிரேக்கருக்கு உத்தரவு போடும். பிரேக்கர் பெரிய இரும்பு ஆள், சொன்னதைச் செய்வான். முடிவெடுப்பது ரிலே. என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கிடைப்பது அந்த முடிவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

எது தப்பு என்று ஒரு கருவிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான பதில் 1904இல் வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலைச் சுற்றி மின்வலையமைப்பு வளர்ந்துகொண்டிருந்த நேரம். சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு காப்புரிமை வாங்கினார்கள். அவர்களின் யோசனையைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். ஒரு கேபிளின் இந்த முனையில் எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்று பார், அந்த முனையில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார். இரண்டும் சமமாக இருந்தால் சும்மா இரு. சமமாக இல்லையென்றால் நடுவில் எங்கோ கசிகிறது, அறுத்துவிடு. சுமை கூடினாலும் குறைந்தாலும் இந்த ரிலே பதறாது. உள்ளே போவது கூடினால் வெளியே வருவதும் கூடத்தானே செய்யும். நூற்றிருபது வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை இதே கணக்கை வைத்துத்தான் காக்கிறோம். மெர்ஸ் 1940இல் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டில், தன் வீட்டிலேயே, இரண்டு பிள்ளைகளோடு செத்துப்போனார். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் 'மெர்ஸ்-பிரைஸ் முறை' என்று ஒரு கோட்டுப்படத்துக்குக் கீழே மட்டும் இருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு இதை எங்கோ படித்துவிட்டு, அதன் பிறகு அந்தப் படத்தைச் சரியாக வரைய முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மெர்ஸ்-பிரைஸ் முறைக்கு இரண்டு முனைகளும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிக் கம்பி வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகும் உயரழுத்த மின்தடத்துக்கு அந்தக் காலத்தில் இது கட்டுப்படியாகாது. அதனால் 1920களில் இன்னொரு யோசனை வந்தது. ஒரே முனையில் இருந்துகொண்டு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்ப்பது. தடத்தில் எங்காவது மரம் விழுந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அழுத்தம் சரியும், ஓட்டம் எகிறும். வகுத்து வரும் எண் சிறுத்துப்போகும். எவ்வளவு சிறுத்திருக்கிறது என்பதை வைத்துப் பழுது எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். இதற்குத் தூர ரிலே என்று பெயர். இது தன் தடத்தைப் பார்த்துக்கொள்வதோடு பக்கத்துத் தடத்தையும் ஒரு கண் பார்க்கும். அங்கே இருக்கும் ரிலேவோ பிரேக்கரோ வேலை செய்யாமல் போனால், ஒரு நொடி, ஒன்றரை நொடி பொறுத்திருந்துவிட்டு இது அறுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது அவர் வீட்டுக் கேட்டையும் பார்த்துக்கொள்வது மாதிரி. இந்தப் பின்காவல் எல்லைக்கு 'ஸோன் 3' என்று பெயர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுத்து வரும் எண் பழுதினால் மட்டும் சிறுக்காது. நிறைய பேர் ஒரே நேரத்தில் மின்சாரம் பயன்படுத்தினாலும் ஓட்டம் ஏறும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், எண் சிறுக்கும். தூரத்தில் நடக்கும் ஒரு பழுதும் பக்கத்தில் இருக்கும் ஒரு கனத்த சுமையும் ரிலேவின் கண்ணுக்கு ஒரே முகமாகத் தெரியலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை ரிலே முடிவு செய்வதில்லை. ஓர் ஆள் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதுகிறார். அதற்குப் பெயர் செட்டிங்.

1965 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. நயாகரா ஆற்றின் கனடாக் கரையில் சர் ஆடம் பெக் என்ற நீர்மின் நிலையம். அங்கிருந்து டொரொன்டோ பக்கம் ஐந்து 230 கிலோவோல்ட் தடங்கள் போகின்றன. அதில் ஒன்றின் பெயர் க்யூ29பிடி. குளிர்காலம் தொடங்கும் நேரம், இருட்டும் வேளை, ஆட்கள் வீடு திரும்பி விளக்கையும் அடுப்பையும் போடுகிறார்கள். மாலை 5.16க்கு க்யூ29பிடியின் பின்காவல் ரிலே செயல்பட்டுத் தடத்தை அறுத்தது. மரம் விழவில்லை. இடி விழவில்லை. எந்தப் பழுதும் இல்லை. சுமை ஏறி வழக்கம்போல ஒரு சின்ன ஏற்ற இறக்கத்தில் 375 மெகாவாட்டைத் தொட்டது. ரிலேவின் செட்டிங்கும் 375 மெகாவாட்.

ஐந்து பேர் தூக்கிய பாரத்தை இப்போது நான்கு பேர் தூக்க வேண்டும். அந்த நான்கு தடங்களின் ரிலேக்களுக்கும் தங்கள் எல்லை மீறப்பட்டது தெரிந்தது. மூன்று நொடிகளுக்குள் நான்கும் அறுத்துக்கொண்டன. டொரொன்டோவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 1,500 மெகாவாட்டுக்குப் போக வழியில்லை. ஆற்றுக்குள் தண்ணீர் விழுவதை யாரும் நிறுத்தவில்லை, இயந்திரங்கள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அவ்வளவும் திரும்பி எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்துத் தடங்களுக்குள் பாய்ந்தது. அங்கே உள்ள ரிலேக்களும் சும்மா இருக்குமா? சில நொடிகளில் வலையமைப்பு துண்டு துண்டாகப் பிரிந்தது. சில துண்டுகளில் மின்சாரம் மிஞ்சியது, சிலவற்றில் போதவில்லை. பன்னிரண்டு நிமிடங்களுக்குள் நியூயார்க் நகரம் இருட்டியது.

மொத்தம் 30 மில்லியன் பேர். ஒன்டாரியோவும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும். நியூயார்க் சுரங்க ரயில்களில் மட்டும் சுமார் 8 லட்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள். அன்று நல்ல நிலா. ஓடுதள விளக்குகள் இல்லாமல், நிலா வெளிச்சத்தில் விமானங்களை இறக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் மின்சாரம் திரும்ப வர 13 மணி நேரம் ஆனது. எனக்கு மறக்காத விவரம் வேறு ஒன்று. நியூயார்க்கில் 'பிக் ஆலிஸ்' என்ற செல்லப் பெயருடன் 1,000 மெகாவாட் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் போனதும் அதன் அச்சுத் தாங்கிகளுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் நின்றன. எண்ணெய் இல்லாமல் சுழன்று நிற்பதற்குள் தாங்கிகள் சேதமாகிவிட்டன. ஒரு நகரத்துக்கே மின்சாரம் கொடுத்த இயந்திரம், தன் எண்ணெய்க்கு வேண்டிய மின்சாரம் இல்லாமல் கெட்டுப்போனது.

(ஒன்பது மாதம் கழித்து நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் பிரசவங்கள் கூடின என்று ஒரு கதை உண்டு, பத்திரிகையிலேயே வந்தது. 1970இல் ரிச்சர்ட் உட்ரி என்ற மக்கள்தொகை ஆய்வாளர் பதிவேடுகளைப் புரட்டி, அப்படி எதுவும் கூடவில்லை என்று காட்டினார். இங்கே 1996 ஆகஸ்ட் 3 மாலை, திரங்கானு பாக்கா அருகே ஒரு தடம் ட்ரிப் ஆனதில் தொடங்கி தீபகற்பத்தின் பெரும்பகுதி இருண்டது. "அன்னிக்கு நீ வயித்துல. விசிறி மட்டையால வீசிக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தேன்" என்பார் அம்மா. நான் பிறந்தது அடுத்த ஜனவரியில். எனவே என் பிறப்புக்கும் மின்தடைக்கும் சம்பந்தமில்லை.)

எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் உலகம் முழுக்கச் செய்தி: ஒரு சின்ன ரிலே கெட்டுப்போய் 30 மில்லியன் பேர் இருட்டில். இன்றும் பல இடங்களில், சில நாட்களுக்கு முன்னால் பராமரிப்பு ஆட்கள் தப்பாகத் திருகி வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கும். அமெரிக்க அரசின் மின்சக்தி ஆணையம் டிசம்பர் 6ஆம் தேதியே அறிக்கை கொடுத்துவிட்டது. அதைப் படித்தால் கதை வேறு. ரிலே கெடவில்லை. 375 என்ற எண் 1963இல் வைக்கப்பட்டது. வைத்தபோது தடத்தில் ஓடிய சுமைக்கு அது போதும். இரண்டு வருடத்தில் சுமை ஏறிக்கொண்டே வந்தது. தடத்தின் கம்பிகளுக்கு அதைவிட நிறையத் தாங்கும் சக்தி இருந்தது. ஆனால் கம்பி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருந்த ஆட்களுக்கு, ரிலே எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை. அந்த எண் ஒரு கோப்பில் இருந்தது. தடத்தை இயக்கியவர்கள் வேறு அறையில் இருந்தார்கள்.

எனக்கு இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் நயாகரா மட்டும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ரிலே சோதனைக்குப் போனோம். 11 கிலோவோல்ட் அறை. சுவரோரம் பழைய பேனல், அதில் சுற்றுத்தகடு ரிலேக்கள். பழைய கரண்ட் மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தகடு சுற்றுமே, அதே மாதிரித் தகடுதான் இதற்குள்ளும். மின்னோட்டம் எல்லை தாண்டினால் தகடு சுழலத் தொடங்கும். கூடக்கூட வேகமாகச் சுழலும். கடைசியில் போய் முட்டினால் ட்ரிப். அலுவலகத்தில் கொடுத்த தாளில் செட்டிங் 150 ஆம்பியர் என்று இருந்தது. சோதனைப் பெட்டியை மாட்டி மின்னோட்டம் செலுத்திப் பார்த்தோம். தாளில் சொன்ன அளவில் தகடு அசைந்தது, தாளில் சொன்ன நொடியில் ட்ரிப் கொடுத்தது. அவ்வளவு பழைய கருவி இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. என்னோடு வந்த மூத்த டெக்னீஷியன், "தம்பி, பக்கத்துல புது ஷெட் கட்டியிருக்கானுங்க, பார்த்தியா?" என்றார். "ஆமாண்ணே, பெருசா கட்டியிருக்காங்க" என்றேன். அவர் எதற்காகச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மூன்று வாரம் கழித்துப் புது ஷெட்டில் உற்பத்தி தொடங்கியது. ஒரு ராத்திரி ஷிஃப்டில் எல்லா வரிசைகளும் ஒன்றாக ஓடியபோது மின்னோட்டம் 200ஐத் தாண்டியது. தகடு சில நொடிகள் சுழன்றது. மொத்தத் தொழிற்சாலையும் இருண்டது. இரும்புப் படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, நேப்பாளி, இருட்டில் படி தவறி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மறுநாள் போனபோது எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். தொழிற்சாலைக்காரருக்கு இன்ஷூரன்ஸுக்கு, எங்கள் மேலதிகாரிக்கு அந்தக் கஸ்டமரைத் தக்க வைத்துக்கொள்ள. பழைய ரிலே இருந்தது, பழியைப் போட வசதியாக. 'ரிலே கோளாறினால் தேவையற்ற துண்டிப்பு. புதிய டிஜிட்டல் ரிலே பரிந்துரைக்கப்படுகிறது.' இந்த வாக்கியத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. "வேற எப்படி எழுதறது?" என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அவர், "நீ என்ன நெனைக்கிற?" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். சோதனைத் தாளில், மூன்று வாரத்துக்கு முன்னால், அதே ரிலே நன்றாக இருக்கிறது என்று எழுதிய கையெழுத்தும் என்னுடையதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் படிக்கவில்லை.

தாளில் இருந்ததை ரிலே செய்கிறதா என்று பார்த்தேன். தாளில் இருந்தது அந்தத் தொழிற்சாலைக்கு இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. 1963இல் அந்த எண்ணை எழுதியவரும், 1965இல் அந்தத் தடத்தை இயக்கியவரும் இதையே சொல்லியிருக்கலாம். அவர்களும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தத் தொழில் பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1968இல் வட அமெரிக்க மின் நிறுவனங்கள் சேர்ந்து நம்பகத்தன்மைக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கின. ஆனாலும் 2003 ஆகஸ்ட் 14. ஒஹையோவில் வெட்டாமல் விட்ட மரங்களில் உரசி மூன்று பெரிய தடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் உறைந்துபோயிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் அது ஒஹையோவின் பிரச்சினை. மாலை 4.05க்கு சாமிஸ்–ஸ்டார் என்ற 345 கிலோவோல்ட் தடம் அறுந்தது. இதில் மரம் இல்லை, குறுக்குச்சுற்று இல்லை. மற்ற தடங்களின் சுமையெல்லாம் இதன் தலையில் ஏறியதும், அழுத்தம் சரிந்ததும், வகுத்து வந்த எண் சிறுத்துவிட்டது. ரிலே அதைப் பக்கத்துத் தடத்துப் பழுது என்று எடுத்துக்கொண்டது. ஸோன் 3. அடுத்த சில நிமிடங்களில் 50 மில்லியன் பேருக்கு மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகுதான், தடத்தின் தாங்குதிறனை விடக் கணிசமாக அதிகமான சுமையிலும் ரிலே பதறக்கூடாது என்று வட அமெரிக்காவில் ஒரு கட்டாய விதி வந்தது. க்யூ29பிடிக்கு நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து.

2012 ஜூலை 30, இந்தியா. அதிகாலை 2.33. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம். பதிவுக் கருவிகளில் பழுது எதுவும் இல்லை. ஸோன் 3, மறுபடியும். வட இந்தியா இருண்டது. ஒட்டிச் சேர்த்து மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அதே தடம், அதே காரணம். இந்த முறை 600 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் வாழும் பகுதி. அன்றைக்குத் தமிழ்நாடும் மற்ற தென் மாநிலங்களும் தப்பின. தென்னக வலையமைப்பு அப்போது மற்ற பகுதிகளோடு நேர்மின் இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது, அந்த வழியாக இந்தத் தள்ளாட்டம் கடந்து வராது. 2013 கடைசி நாளில்தான் ஒன்றாக இணைத்தார்கள். ஏற்கெனவே பல மணி நேர மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, உலகின் மிகப் பெரிய மின்தடையிலிருந்து தாங்கள் தப்பியது பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

இப்போது நாங்கள் போடுவதெல்லாம் டிஜிட்டல் ரிலே. மில்லி நொடிக் கணக்கில் பதிவு வைத்திருக்கும். கனத்த சுமை எது, பழுது எது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க அதில் தனி ஏற்பாடே உண்டு. தகடும் இல்லை, சுழற்சியும் இல்லை. எண்ணை மட்டும் இன்னும் ஓர் ஆள்தான் தட்டச்சு செய்கிறார். அந்தத் தாளில் நான் இப்போது கூடுதலாக ஒரு வரி சேர்க்கிறேன்: இந்த எண் எந்தச் சுமையை நம்பி எழுதப்பட்டது, அந்தச் சுமையை யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதுகிறேன். இரண்டு தடவை 'வடிவம் சரியில்லை' என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவையிலிருந்து யாரும் கேட்பதில்லை.

கையுறைத் தொழிற்சாலைக்கு அதன் பிறகு ஒரே ஒரு தடவை போனேன், புது ரிலே மாட்ட. அந்த நேப்பாளித் தொழிலாளியைப் பற்றி விசாரித்தேன். ஊருக்குப் போய்விட்டார் என்று ஒருவரும், வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருவரும் சொன்னார்கள். அறிக்கை அப்படியேதான் இருக்கிறது. கழற்றிய ரிலேவை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கண்ணாடி மூடியோடு என் மேசையில் இருக்கிறது, புத்தகங்களுக்குப் பக்கத்தில். செட்டிங் முளையை நான் மாற்றவில்லை. மூடியைத் திறந்து விரலால் தள்ளினால் தகடு நகரும். விட்டால் சுருள்வில் மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தும்.

போன வாரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "கெட்டுப் போனத ஏண்டா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க?" என்றார்.

"கெட்டுப் போகல மா. நல்லாத்தான் வேலை செய்யுது."